கடற்கரையிற் பாளையம்



பொத்துவிலுக்குத் தெற்கே, அறுகங்குடாவையும் பாணமையையும் கடந்து சென்றால், காடும் கடலும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் ஓரிடத்தில் உகந்தை என்னும் தலம் இருக்கின்றது. கரையை ஒட்டிப் பாறைக் குன்றுகள். குன்றின்மேல் வள்ளியம்மைக்குக் கோயில். அடிவாரத்திலே வேலாயுத சுவாமி கோயில். முருகன் கல்லோடத்தில் வந்து கரையேறிய இடம் அதுவென்பது கர்ணபரம்பரை. ஆண்டின் பெரும்பகுதியில் ஆளரவம் குறைந்து கிடக்கும் அந்த மணற்றரையிலே, ஆனி ஆடி மாதங்களில் ஓர் ஊரே எழுந்துவிடும். கதிர்காமக் கொடியேற்றத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம், காட்டுப் பாதை திறக்கப்படும் நாளை எதிர்பார்த்து அங்கே தங்கியிருக்கும். படங்கும் பழஞ்சேலையும் உரப்பையுமே அவ்வூரின் கூரைகள். அக்கூரைகளை ஒவ்வொரு நாளும் பிற்பகலிற் காற்று வந்து சோதித்துப் பார்க்கும்.

இந்த யாத்திரையின் சமயச் சிறப்பை எடுத்துரைக்கத் தகுதியுடைய பெரியோர் பலர் உளர். நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. காற்று ஓயாது வீசும் ஒரு கடற்கரையில், வீடுவாசலை விட்டு வந்த ஒரு கூட்டம், கிழவரும் குழந்தைகளும் உட்பட, இரவைக் கழிப்பது எங்ஙனம் என்பதே அது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் அந்த மணலிற் சிலர் நோயுற்றுத் திரும்புவதும், சிலர் திரும்பாமலே போவதும் இவ்வற்ப விடயங்களாலேயே என்பதை நடந்து பழகியவர்கள் அறிவார்கள்.

யாழ்ப்பாணத்திலே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிற் புறப்படும் கூட்டம், முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில் என்று கீழ்க்கரையைப் பற்றிக்கொண்டு தெற்கு நோக்கி நடக்கும். ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தூரம். ஒன்றரை மாதத்துக்குக் குறையாத நடை. மோட்டார் பாதைகள் வந்தபின் இவ்வழக்கம் சற்றுத் தளர்ந்தது. 1980களில் மூண்ட போர் வடக்கிலிருந்து வரும் வழியை அறுத்துப் போட்டது. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் அவ்வழி மீண்டும் உயிர்பெற்றது. இப்பொழுது உகந்தையைக் கடந்து காட்டினுட் புகுவோர் ஆண்டுதோறும் பல்லாயிரவர். அவர்களிற் பெரும்பாலோர் பொத்துவில்வரை பஸ்ஸிலே வந்து, அங்கிருந்து நடக்கத் தொடங்குபவர்கள். சந்நிதியிலிருந்து நடந்து வருபவனுக்கு, வெருகலை அடையும்போதே காற்றின் குணம் தெரிந்துவிடுகிறது. பஸ்ஸில் வந்திறங்குபவனுக்கோ உகந்தைக் காற்றே முதற் காற்று. இன்றைய பேச்சு பெரும்பாலும் அவனை நினைந்து பேசப்படுவது.

நம்மவர்கள் காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்திருக்கின்றனர். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோளகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். யாழ்ப்பாணத்துச் சிறுவன் ஒருவனிடம் கச்சான் என்று சொன்னாற் கோயில் வீதியிலே சுருளையிற் கட்டி விற்கும் நிலக்கடலைதான் அவன் நினைவுக்கு வரும். மட்டக்களப்புக் கமக்காரரிடம் அதே சொல்லைச் சொன்னால் அவர் முகத்தைச் சுளிப்பார். வைகாசி தொடக்கம் புரட்டாதிவரை தென்மேற்குப் பருவக்காற்று நமது நாட்டின்மேல் வீசுகிறது. அது மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாய் மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்குகிறது. இறங்க இறங்க அமுக்கம் கூடுவதால் அதன் வெப்பமுங் கூடுகிறது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைச்சாரலிலும் இதே முறையில் இறங்கும் உலர்காற்று உண்டு. ஒரே காற்று இரத்தினபுரியிற் குடை பிடிக்க வைத்துவிட்டு, அதே நாளிலே மட்டக்களப்பில் உதட்டை வெடிக்கச் செய்கிறது.

கச்சானின் கொடுமை அதன் வேகத்தினும் அதன் வறட்சியிலேயே அதிகம் இருக்கின்றது. உடம்பிலே வியர்வை துளிர்க்குமுன்னரே காற்று அதனைக் குடித்துவிடும். சட்டை நனையாது, நெற்றி துடைக்க வேண்டியதில்லை. ஆகவே நடப்பவன் தனக்கு வியர்க்கவில்லை என்று எண்ணுகிறான். தண்ணீர்ப் போத்தலைத் தொடாமல் நடக்கிறான். உள்ளேயிருந்த நீரும் உப்பும் போய்க்கொண்டேயிருக்கின்றன. "எனக்கு வேர்க்கவேயில்லை சாமி, தாகமும் இல்லை" என்று ஒரு முதியவர் சொல்வாராயின், கூட்டத்தின் தலைவர் அதைக் கேட்டு மகிழ்வதற்கில்லை. அவரை உடனே நிழலில் இருத்தி, உப்பும் சிறிது சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்யவேண்டும். பேச்சுத் தடுமாறி, தோல் கொதித்து, இன்ன இடத்தில் இருக்கிறோம் என்பது மறந்துபோமாயின் அது வெயிலாற் களைத்த களைப்பு என்று விட்டுவிடத்தக்கதன்று. உயிருக்கு நேர்ந்த ஆபத்து. ஈரத் துணியால் உடம்பை மூடி விசிறவேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றுதல் ஆகாது. வைத்திய உதவிக்கு அப்பொழுதே ஆள் போகவேண்டும்.

இங்கே வெளிப்படையாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. யாத்திரை செல்லும் பெண்களிற் பலர் வேண்டுமென்றே நீரைக் குறைத்துக் குடிக்கின்றனர். வெட்டவெளிக் கடற்கரையிலே, ஆயிரம் பேர் நடுவில், ஒதுங்குவதற்கு மறைவான இடம் இல்லை என்பதே காரணம். இதனை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆண்கள் கேட்பதுமில்லை. எல்லாப் பாரத்தையும் விரதத்தின்மேற் போட்டுவிடுகிறோம். பாளையம் இறங்கியவுடன் முதலிற் கட்டவேண்டியது சமையற் கொட்டிலா, சுவாமிக்குப் பந்தலா என்று கூட்டங்களிலே வாதம் நடப்பதுண்டு. நான்கு தடியும் இரண்டு சேலையும் கொண்டு பெண்களுக்கென ஒரு மறைப்பை முதலிலே கட்டிவிடுங் கூட்டத்திற் பெண்கள் மயங்கி விழுவது குறைவு. வேலைத் தாங்கி முன்னே செல்பவரை வேல்சாமி என்று அழைப்பர். அனுபவமுள்ள வேல்சாமிமார் இதனைத் தாமே முன்னின்று செய்விப்பர்.

இனிப் பொத்துவிலுக்குத் தெற்கே வருவோம். அங்கே கரையின் போக்குத் தென்மேற்காகத் திரும்புகிறது. காற்றின் போக்கும் மாறுகிறது. இரவிலே தரை குளிர்ந்துவிடுவதால், விடியற்காலையிற் காற்றுத் தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். கடல் கண்ணாடிபோற் கிடக்கும். அறுகங்குடாவில் அலைமேற் பலகையோட்டி விளையாட வரும் வெள்ளைக்காரர் அதிகாலையிலே கடலில் இறங்குவதும் இதனாற்றான். வெயில் ஏற ஏற மணலும் காடும் சுடுகின்றன. சுட்ட தரையின்மேல் உள்ள காற்று மேலெழும்புகிறது. அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உட்புகுகிறது. மதியம் திரும்பியபின், பருவக்காற்றின் வலிமையும் அதனோடு சேர்ந்து, தெற்கிலிருந்து கரையோரமாகப் பலத்த காற்று எழும். பொழுதுபட்ட பின்னரே அது தணியும். சில நாட்களில் நடுச்சாமம்வரை தணியாமலும் இருக்கும்.

புதியவர்கள் அல்லற்படுவது இங்கேதான். அடியார் கூட்டம் விடியுமுன் எழுந்து நடந்து, காலை ஒன்பது பத்து மணிக்குத் தங்குமிடத்தை அடையும். அப்பொழுது வீசுவது தரைக்காற்று. அந்தக் காற்றைப் பார்த்து, அதற்கு முதுகுகாட்டிப் படங்கு கட்டிவிட்டு, அடுப்பு மூட்டி, உண்டு, களைப்பால் உறங்கிவிடுவர். இரண்டு மணிக்குக் காற்றுத் திரும்பும். கூடாரத்தின் திறந்த வாய்க்குள் அது நேரே புகுந்து, படங்கை ஊதிப் பெருக்கி, முளைகளைப் பிடுங்கி எறியும். உறங்கியவர் முகத்தில் மணல்; பானைச் சோற்றில் மணல்; பிள்ளைகள் அழுகை. கடற்கரையிலே காலையிற் பாளையம் இறங்குபவன் மாலைக் காற்றை மனத்திற் கொண்டே கட்டவேண்டும். காற்று இல்லாத நேரத்தில் மாலைக்காற்றின் திசையை அறிவது எங்ஙனம் என்று கேட்பீர்கள். அங்கே நிற்கும் செடிகளைப் பார்த்தாற் போதும். கரையோரத்துப் பற்றைகள் எல்லாம் ஒருபுறம் கத்தரித்துவிட்டாற்போலச் சாய்ந்து வளர்ந்திருக்கும். உப்புக்காற்று மோதும் பக்கத்துத் தளிர்கள் கருகி, மறுபக்கம் மாத்திரம் வளர்வதால் வந்த சாய்வு அது. மணலிற் படிந்திருக்கும் வரிகளும் முதல்நாட் காற்றின் திசைக்குக் குறுக்கே கிடக்கும்.

இடத்தைத் தெரிதலிலும் ஒரு நுட்பம் உண்டு. கடற்கரையிலே மணல்மேடு கண்டால் அதன் ஒதுக்கிற் படுக்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் மேட்டின் அடிவாரத்தை ஒட்டிப் படுத்தால், மேட்டின் முடியைத் தாண்டி வரும் மணல் முழுவதும் அங்கேதான் வந்து விழும். மேட்டிலிருந்து பத்துப் பதினைந்து பாகம் உள்ளே தள்ளி, பற்றைகள் தொடங்கும் இடமே தக்கது. இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியோ மிகத் தீயது. பார்வைக்கு வாசல்போல் அழகாயிருக்கும், கடலும் தெரியும். அகன்று வரும் காற்று முழுவதும் அவ்விடுக்கினூடே நெருங்கிப் பாய்வதால் வேகம் அங்கே மிகும். கடல் தெரியும் இடத்திற் படுக்கவேண்டும் என்ற ஆசை பட்டணத்தாருக்கு அதிகம். கடற்றொழிலாளர் தம் வாடியை அப்படிக் கட்டுவதில்லை.

மணல் காற்றில் எவ்வாறு செல்கிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர் ரல்ஃப் பாக்னோல்ட் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி. அவரும் ஒருவகை யாத்திரிகரே. 1920களின் இறுதியிலும் 1930களிலும் நண்பர் குழுவொன்றைச் சேர்த்துக்கொண்டு, மோட்டார் வண்டிகளிலே லிபியப் பாலைவனத்தைக் குறுக்கே கடந்தவர். அங்கே கண்ட மணற்குன்றுகள் அவர் மனத்தை விட்டு நீங்காமையால், ஊர் திரும்பிய பின் காற்றுக் குழாயொன்றை அமைத்துப் பரிசோதனைகள் நடத்தி, 1941இல் ஒரு நூலை வெளியிட்டார். இன்றும் மணலை ஆராய்வோர் முதலில் எடுத்துப் பார்க்கும் நூல் அது. மணற்பரல் தூசியைப்போல மிதந்து செல்வதில்லை. துள்ளித் துள்ளிச் செல்கிறது. ஒரு பரல் விழுந்த வேகத்தில் வேறு பல பரல்களைத் தட்டி எழுப்புகிறது. இத்துள்ளல் பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்கு மேற்படுவதில்லை. இன்னுமொன்று: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளிச் செல்லும் மணல் ஏறத்தாழ எட்டு மடங்காகிறது.

உகந்தையிற் படுக்கவிருக்கும் நமக்கு இந்த விஞ்ஞானத்தால் ஆவது என்ன? நிற்பவன் முகத்தில் மணல் படாது. படுப்பவன் முகத்தில் அத்தனையும் படும். ஆதலாற் கூரை உயரமாயிருப்பதைக் காட்டிலும், காற்று வரும் பக்கத்திலே முழங்கால் உயரத்துக்கு ஓர் அடைப்பு இருப்பது முக்கியம். பொதிகளை வரிசையாக அடுக்கினாலும் போதும்; உரப்பையில் மணலை நிரப்பி வைத்தால் இன்னும் நன்று. படுப்போர் கால் காற்றின் பக்கமும் தலை மறுபக்கமுமாகப் படுத்தல்வேண்டும்.

படங்கைக் கட்டும் முறையைச் சொல்கிறேன். காற்று வரும் பக்கத்து ஓரத்தைத் தரையோடு தரையாக இறக்கி, மணலிட்டு மூடிவிடவேண்டும். மறுபக்கம் ஓர் ஆள் குந்தியிருக்கும் உயரத்துக்கு மேல் வேண்டாம். முழுக் கூட்டத்துக்கும் சேர்த்துப் பெரும்படங்கு ஒன்றைக் கட்டுவதினும், குடும்பத்துக்கு ஒன்றாகச் சிறுபடங்குகள் கட்டுதலே தக்கது. பெரும்படங்கு கப்பற்பாய்க்கு ஒப்பானது. அதைப் பிடித்து நிறுத்தக் கப்பல்தான் வேண்டும். முளையடித்தல் காய்ந்த மணலிற் பயன்படாது. எவ்வளவு நீண்ட முளையாயினும் ஓர் இழுப்பில் வந்துவிடும். ஒரு முழத் தடியொன்றின் நடுவிலே கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, தடியைக் குறுக்கே கிடத்தி, மணலை இட்டு மிதித்துவிட்டால், தடியின் மேலுள்ள மணல் முழுவதும் அதனை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தடி இல்லாவிட்டால் மணல் நிரப்பிய பையொன்றையும் அவ்வாறு புதைக்கலாம். புறப்படும்போது பையை மறந்து போகாதிருத்தல் வேண்டும். அதனை ஏன் சொல்கிறேன் என்பது பின்னர் விளங்கும்.

அடுப்புக்கு மூன்று கல் வைப்பது வீட்டு வழக்கம். காற்றுக்கரையிலே கல்லடுப்பு விறகைத் தின்னும், பானையைச் சூடாக்காது. மணலில் ஒரு சாண் ஆழத்துக்கு நீளமாகக் குழி பறித்து, அதன் ஒரு முனை காற்றை நோக்க வைத்து, குழியின் மேற் பானையை இருத்தினாற் பாதி விறகோடு சோறு வெந்துவிடும். வைகாசி ஆனி மாதங்களில் அந்தப் பக்கத்துப் புல் வைக்கோல்போற் காய்ந்திருக்கும். பறக்கும் ஒரு பொறி போதும். இன்னொரு ஆபத்தைப் பலர் எண்ணுவதேயில்லை. சமையல் முடிந்ததும் தணலை மணலால் மூடிவிட்டுப் போவர். மேலே பார்த்தால் வெறும் மணல். உள்ளே பல மணி நேரத்துக்குத் தணல் உயிரோடு இருக்கும். வெறுங்காலோடு ஓடித் திரியும் பிள்ளைகள் அதிலே கால்வைத்து வெந்துபோவதுண்டு. நீரூற்றியே அணைக்கவேண்டும், கடல்நீருக்கு அங்கே பஞ்சமில்லை.

குடிநீருக்குத்தான் பஞ்சம். உகந்தைக் குன்றின் பாறைகளிலே சுனைகள் உண்டு; ஆயினும் பல்லாயிரவர் கூடும் நாட்களிற் சுனைநீரை நம்பியிருக்க முடியாது. இப்பொழுது பவுசரிலே நீர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முன்னாளில் அடியார்கள் மணலிலே ஊற்றுத் தோண்டி நீரெடுத்தனர். கடலுக்கு இத்தனை அருகில் நன்னீர் கிடைப்பது எப்படி என்று வியக்கவேண்டாம். மழைநீர் மணலுள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் அனைத்தும் இந்த நியதியிலேயே வாழ்கின்றன. ஆதலால் ஊற்றை அகலமாகத் தோண்டலாம், ஆழமாகத் தோண்டலாகாது. நீர் கண்டவுடன் நிறுத்தி, சிரட்டையால் மெல்ல மெல்ல அள்ளவேண்டும். அவசரப்பட்டு இறைத்தாற் கீழேயுள்ள உப்புநீர் மேலே வந்துவிடும். எந்த ஊற்று நீராயினும், கூட்டம் மிகுந்த இடத்திற் கொதிக்கவைத்து ஆறியபின்னரே குடிக்கவேண்டும்.

இரவிலே காற்று இன்னொரு வகையிலும் தொல்லை தரும். உகந்தைக்குத் தெற்கே கிடக்கும் காடு குமண தேசியப் பூங்கா. முன்னர் யால கிழக்கு என்றிருந்த அதன் பெயர் 2006இல் மாற்றப்பட்டது. யானை, சிறுத்தை, கரடி மூன்றும் அங்குண்டு. ஆனி ஆடி பாலைப்பழம் பழுக்குங் காலமாதலாற் பாலைமரத்தடியிற் கரடி வரும். அங்கே படுக்கை விரிக்கலாகாது. யானையைப் பற்றி அஞ்சுவோர், இரவில் அது வரும் ஓசை கேட்கும் என்று எண்ணியிருப்பர். யானை நடக்கும்போது எழும் ஓசை மிகக் குறைவு. கிளை முறிக்கும் ஓசைதான் நமக்குக் கேட்பது. காற்றுப் பலத்து வீசும் இரவில் அந்த ஓசையும் படங்கு அடித்துக்கொள்ளும் ஓசையில் அமிழ்ந்துபோம். ஆகவே காற்று மிக்க இரவில் முறைவைத்துக் கண்விழித்தல் வேண்டும். வாழைப்பழமும் வெல்லமும் படுக்கைக்கருகில் இருத்தலாகாது. காற்று அவற்றின் வாசனையைக் கூட்டத்துக்கு அறிவிக்காமலே காட்டுக்குட் கொண்டுபோகும். ரோர்ச் வெளிச்சத்தைக் கடற்பக்கம் வீசி விளையாடுதலும் வேண்டாம். அந்தக் கரைகளிலே ஆமைகள் முட்டையிட ஏறுவதுண்டு. வெளிச்சங் கண்டால் அவை திரும்பிவிடும்.

பையை மறவாதீர் என்றேன். விட்டுச்செல்லும் பொலித்தீன் பைகள் எங்கே போகின்றன என்பதை மறுநாட் காலையிற் பார்க்கலாம். காற்று அவற்றைக் கரையோரமாக உருட்டிச் சென்று, பற்றைதோறும் மாட்டிவைத்துவிட்டு, எஞ்சியவற்றைக் களப்புகளிலும் குமண வில்லிலும் சேர்க்கின்றது. வில்லென்பது கண்டல் மரங்கள் சூழ்ந்த சதுப்புநிலம். 1938ஆம் ஆண்டிலேயே அது பறவைகளின் புகலிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. யாத்திரை நடக்கும் மாதங்களிலேதான் அங்கே நாரையும் கொக்கும் நீர்க்காகமும் குஞ்சு வளர்க்கின்றன.

பைகளைப் பொறுக்கிவிடலாம். மணல்மேட்டை உடைத்துவிட்டால் மீட்டுக் கட்டுவது அரிது. மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசை என்னும் முட்புல்லும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நாமெல்லாம் அறிந்த பழமொழி. அக்கொடி மணலிலே என்ன செய்கிறது என்பதைப் பார்த்த ஒருவர் சொன்னதாகவே அது இருக்கவேண்டும். துள்ளி வரும் மணலை இலையாலும் தண்டாலும் மறித்து, தன்மேல் மணல் விழ விழ மேலே மேலே தளிர்த்து, மேட்டை வளர்ப்பது அது. ஐயாயிரம் பேர் கடலுக்குக் குளிக்கப் போகும்போது ஆளுக்கொரு வழியாக மேட்டில் ஏறி இறங்கினாற் கொடி நைந்துவிடும். நைந்த இடத்திற் காற்று வாய்பிளந்து நுழையும். ஒரு பருவத்தில் ஓர் இடுக்காகும். பின்னர் வருவோர் அவ்விடுக்கையே வாசலென்று பயன்படுத்துவர்.

இதனை நான் பெரிதுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, இதே தென்கீழ்க் கரையில் யாலவில் ஆய்வாளர்கள் கண்டது நினைக்கத்தக்கது. கடற்காட்சி நன்கு தெரியவேண்டும் என்பதற்காக ஓரிடத்தில் மணல்மேடு குறைக்கப்பட்டிருந்தது. அவ்விடத்திலே கட்டப்பட்டிருந்த விடுதி அடியோடு அழிந்து, உயிர்கள் மாண்டன. அயலிலே மேடு குலையாமல் நின்ற இடங்களிற் சேதம் வெகுகுறைவாக இருந்தது. மேடு எல்லா அலையையும் தடுக்கும் என்று சொல்லவரவில்லை. நாம் நான்கு இரவு காற்றுக்கு ஒதுங்கும் அந்த மணல், பாணமையிலும் கோமாரியிலும் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கு வேலியாக நிற்கிறது என்பதை மாத்திரம் சொல்கிறேன். ஆகவே ஒவ்வொரு பாளையத்திலும் கடலுக்கு ஒரே ஒரு வழி வைத்தல்வேண்டும். அவ்வழி மேட்டை நேரே வெட்டாமற் சரிவாகச் செல்லவேண்டும். காற்று வரும் திசைக்கு நேராக வாய்த்திருத்தல் கூடாது. இரண்டு தடியை நட்டு ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் எல்லோரும் அவ்வழியே செல்வர். அடியார் கூட்டத்தைப்போற் சொன்ன சொற் கேட்கும் கூட்டம் வேறில்லை, சொல்வதற்குத்தான் ஆளில்லை. கோயில் நிருவாகத்தாரும் வனசீவராசிகள் திணைக்களத்தாரும் பிரதேச சபையாரும் பாதை திறப்பதற்கு முன் கூடி ஏற்பாடுகளைப் பேசுவது வழக்கம். நீரும் வைத்தியமும் பஸ்ஸும் பேசப்படும் அக்கூட்டத்தில் மணலையும் ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

காட்டுப் பாதை திறக்கப்படும் நாளில், இருள் பிரியுமுன்னரே கூட்டம் எழுந்துவிடும். அந்நேரத்திற் காற்று அடங்கியிருக்கும். படங்கை உதறி மடிக்கவும், புதைத்த தடிகளைக் கிளறி எடுக்கவும், மணல் புகுந்த பொதிகளைத் தட்டிக் கட்டவும் அதுவே தருணம். "அரோகரா" என்ற ஒலி முன்வரிசையிலிருந்து எழுந்து பின்வரிசைக்கு வந்து சேரச் சற்று நேரமாகும். பின்னர் வாகூரவெட்டையைத் தாண்டி, குமுக்கன் ஆற்றங்கரையை அடைந்தால், வானளாவிய மருதமரங்களின் கீழே குளிர்ந்த நிழல், ஆற்றிலே நீராடலாம். பல நாட்களின் பின் அடுப்பு அணையாமல் எரியும். விளக்கு அசையாமல் நிற்கும். காற்றை நான்கு நாளாக வைதுகொண்டிருந்தவர்கள் அன்றிரவு அதைத் தேடுவர். ஏனெனிற் காற்று நின்ற இடத்தில் நுளம்பு வருகிறது.